கரை திரும்பினார்

வள்ளம் கடலில் நிற்பது ஒரு காரியமே இல்லை, நங்கூரத்தைப் போட்டால் எந்த வள்ளமும் நிற்கும்; ஆனால் நங்கூரத்தைத் தூக்கிவிட்டு, எஞ்சினை முழு வேகத்துக்கு முடுக்கிவிட்டு, மூக்கு கரையைப் பார்த்திருக்க, பின்னால் நுரை வெள்ளையாய்ப் பறக்க, அலையை வெட்டிக்கொண்டு ஓடி ஓடி ஓடி, கடைசியில் ஓடத் தொடங்கிய இடத்திலேயே ஒரு வள்ளம் நின்றதென்றால் அது சிலுவைத்துறையில் கஸ்பாருடைய வள்ளம்தான், அது நின்றதும் எங்கள் டோக்கன் ரூம் கம்ப்யூட்டரில் கார்டு ரீடரின் டிரைவர் காணாமல் போன அந்தச் சனிக்கிழமைதான்.

டோக்கன் ரூம் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் கரையில் கடலுக்குப் போகிறவன் யாராக இருந்தாலும் ஊர்க் கமிட்டி கட்டிவைத்திருக்கிற அந்த ஒற்றை அறைக்குப் போய்த் தன் ஸ்மார்ட் கார்டை ஜன்னலில் நீட்ட வேண்டும். உள்ளே கிளாட்வின் உட்கார்ந்திருப்பான். பாலிடெக்னிக் படித்தவன், கடல் என்றாலே வாந்தி எடுப்பவன், அதனால் கம்ப்யூட்டருக்கு வாய்த்தவன். அவன் கார்டை வாங்கி ரீடர் என்கிற சின்னப் பெட்டியில் சொருகுவான், பச்சை விளக்கு எரியும், கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஒரு பெண்குரல், எந்த ஊர்க்காரியோ, மீன் வாசனையே அறியாத சுத்தத் தமிழில் ‘இன்னார், கடலுக்குச் சென்றார்’ என்று சொல்லும். கார்டு ஒரு பழைய சோப்பு டப்பாவுக்குள் போகும். ஆள் திரும்பி வந்ததும் அதே கார்டு மறுபடி ரீடருக்குள் போகும், ‘இன்னார், கரை திரும்பினார்’ என்று அதே குரல் சொல்லும், அவன் கார்டை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சாராயக் கடைக்கோ வீட்டுக்கோ அவனவன் குணத்துக்குத் தக்கபடி போவான்.

அந்தக் குரல் வந்த புதிதில் எங்கள் பெண்களுக்கு அது பிடிக்கவில்லை. ஏனென்றால் எங்கள் கரையில் கடலுக்குப் போகிறவனிடம் யாரும் ‘போ’ என்று சொல்ல மாட்டார்கள். என்ன சண்டையாக இருந்தாலும், மண்டை உடைந்திருந்தாலும், ‘போயிட்டு வா’தான். அந்த ‘வா’வை விழுங்கிவிட்டு ஒருத்தி புருஷனை அனுப்பினாள் என்றால் கரையே திரண்டு அவளை ஏசும். இந்த மெஷின்காரி என்னடாவென்றால் ‘சென்றார்’ என்று வெட்டிவிட்டாற்போலச் சொல்கிறாள். அதனால் அவள் ‘சென்றார்’ என்றதும் ஜன்னலுக்கு வெளியே நிற்கிற பெண்கள் சேர்ந்து ‘வந்துருவாரு’ என்று முடித்துவைப்பார்கள், கிளாட்வினும் ஒன்றும் சொல்ல மாட்டான்.

அந்தச் சனிக்கிழமை கம்ப்யூட்டர் யாரையும் கேட்காமல் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. அணைந்து எழுந்தபோது ரீடர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் முக்கோணமும் அதற்குள் ஒரு ஆச்சரியக்குறியும் இருந்தன. பச்சை விளக்கு செத்துக் கிடந்தது. ரீடர் பேசுவது கம்ப்யூட்டருக்குப் புரியவேண்டுமானால் உள்ளே டிரைவர் என்று ஒரு சின்ன மென்பொருள் இருக்கவேண்டும், அது போய்விட்டது என்றான் கிளாட்வின். எல்லா வள்ளமும் அதற்கு முன்பே கரையேறியிருந்தன, கஸ்பாருடையதைத் தவிர. அது மதியவாக்கில் கிழக்கே தெரிந்தது, முகம் அடையாளம் தெரிகிற தூரம்வரை வந்தது, அங்கேயே ஓடிக்கொண்டு நின்றது. வெகுநேரம் பார்த்துவிட்டு ஊர்த் தலைவர்தான் சொன்னார்: “மெஷின் கார்ட எடுக்கலைல்லா, அதான் கடல் விட மாட்டேங்கு.” எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

இழுத்துவரப் போன வள்ளங்கள் போய்க்கொண்டே இருந்தன, போய்ச் சேரவில்லை. கஸ்பாரின் ஆட்கள் குதித்து நீந்தினார்கள். கை சோர்ந்து தலையைத் தூக்கிப் பார்த்தால் வள்ளம் பக்கத்திலேயே இருக்கும், கரை தூரத்திலேயே இருக்கும். ஆனால் பொருளுக்கு அந்தத் தடை இல்லை. கரையிலிருந்து மிதக்கவிட்ட வெள்ளை கேன் ஆடி ஆடி வள்ளத்துக்குப் போய்ச் சேர்ந்தது, அவர்கள் பிடித்த மீனைச் சாக்கில் கட்டிவிட்டால் அது கரை ஒதுங்கியது. குரலும் போனது, வந்தது. ஆளைத்தான் விடவில்லை.

அப்புறம் நாள் ஆக ஆக அதுவும் ஒரு நடைமுறையாகிவிட்டது. மனுஷனுக்கு எதுதான் பழகாது? காலையில் பெண்கள் கேன்களில் நல்ல தண்ணீரும் சோறும் கட்டி, மேலைக் கச்சான் காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசுகிற நேரம் பார்த்து மிதக்கவிட்டார்கள். சாமியார் கோயில் மைக்கை நீள வயரில் கடற்கரைக்கே கொண்டுவந்து வள்ளத்தைப் பார்த்துப் பூசை வைத்தார், ‘சமாதானம் உங்களோடு’ என்று அவர் சொல்ல ‘உம் ஆன்மாவோடும்’ என்று கடலிலிருந்து பதில் வந்தது. கஸ்பாரின் மகளுக்குப் பெண் கேட்டு வந்த மாப்பிள்ளை வீட்டார் மணலில் பாய் விரித்து உட்கார்ந்து, நகை எவ்வளவு என்கிற பேச்சை ஊரே கேட்கும்படி கத்திப் பேசி, தொண்டை கட்டி, சீக்கிரம் முடித்துக்கொண்டார்கள். வள்ளத்திலிருந்த சூசைக்கும் கரையிலிருந்த அவன் மச்சானுக்கும் மூன்று வருஷமாய்ப் பேச்சு கிடையாது, இப்போது கத்திக் கத்தி ஏசிக்கொள்ள ஆரம்பித்து, ஏசுவதில் ஒரு பிரியம் வந்து, ராசியாகிவிட்டார்கள். சுண்டல்காரன் வந்தான். பக்கத்துக் கரைகளிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்களை எங்கள் பெண்கள், “பாத்தாச்சுல்லா, கெளம்புங்க” என்று விரட்டினார்கள். கார்டு போடாமல் யாரும் மீன்பிடிக்கப் போகமுடியாது என்பதால் கரை முழுக்க ஆண்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். சும்மா இருக்கிற ஆணைப்போல ஒரு தொல்லை கிடையாது.

கிளாட்வின் மட்டும் சும்மா இருக்கவில்லை. பாவம், அவன் பட்ட பாடு. கேபிளைப் பிடுங்கி வேறு துளையில் மாட்டினான், அதற்கு அடுத்த துளையில் மாட்டினான், மறுபடி முதல் துளைக்கே வந்தான். இன்டர்நெட்டில் தேடினால் ரீடரின் மாடல் நம்பரைக் கேட்டது, அந்த நம்பரோ உப்புக் கைகள் பட்டுப் பட்டு அழிந்திருந்தது. குத்துமதிப்பாக இறக்கிய ஒரு டிரைவர் பிரிண்டரைத் தூண்டிவிட்டு வெற்றுத்தாளாகத் துப்பவைத்தது, இன்னொன்று கம்ப்யூட்டர் முழுக்க விளம்பரமாகப் பூத்தது. பக்கத்துக் கரையில் இரவல் வாங்கிய ரீடர் அந்தக் கரைக் கார்டுகளுக்கு மட்டும்தான் வாய் திறந்தது. ரீடர் விற்றவர்களின் உதவி எண்ணுக்குப் போன் போட்டு, எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தான்.

“கம்ப்யூட்டரை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள் சார்.”

“செஞ்சாச்சு சார். நூறு தடவ செஞ்சாச்சு. அஞ்சு பேரு கடல்ல நிக்காங்க சார்.”

“அது வேறு பிரிவு சார். அதற்குத் தனியாகப் புகார் பதிவு செய்யவேண்டும். உங்கள் ரீடர் பழையது, அந்த டிரைவரை இணையத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். வாங்கியபோது பெட்டியோடு ஒரு சி.டி. வந்திருக்குமே, அதில் இருக்கும்.”

கிளாட்வின் போனை வைத்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். சி.டி. வந்தது உண்மைதான். அதை என்ன செய்தான் என்பதும் நினைவிருந்தது. எங்கள் கரையில் ஒரு சி.டி. கடைசியாகப் போய்ச் சேருகிற இடம் கருவாட்டுக் களம்தான். காயப்போட்ட மீனுக்கு மேலே கம்பில் கட்டித் தொங்கவிட்டால் காற்றில் சுழன்று வெயிலை அடிக்கும், காக்கை கிட்டே வராது. கருவாடு போடுகிற பெண்கள் கேட்டார்கள் என்று மேஜைக்குள் கிடந்த சி.டி.களை எல்லாம் ஒரு கட்டாக அள்ளிக் கொடுத்தவன் அவனேதான்.

கோயில் மைக்கில் அறிவித்தார்கள். களம் களமாகக் கம்புகளிலிருந்து சி.டி.கள் அவிழ்ந்தன. ஸ்டுடியோக்காரர் தன்னுடைய சி.டி. ஓட்டுகிற பெட்டியைக் கொண்டுவந்து கம்ப்யூட்டரில் மாட்டிக்கொடுத்தார். ஒவ்வொன்றாகப் போட்டுப் போட்டு எடுத்தான் கிளாட்வின். யாரோ ஒருவருடைய கல்யாணம் வந்தது, மாதா திருவிழாச் சப்பரம் வந்தது, கோயிலில் முதன்முதலாய்ப் புதுநன்மை வாங்கின பிள்ளைகள் வந்தார்கள், ஒரு கல்யாணத்தில் செத்துப்போன ஆறேழு பேர் சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள் அவரவர் ஆளைப் பார்த்து அழுதார்கள், அழுதுகொண்டே அடுத்த சி.டி.யை நீட்டினார்கள். டிரைவர் மட்டும் வரவில்லை.

அது ஜெசிந்தாவின் களத்தில், கடைசிக் கம்பில் இருந்தது.

ஜெசிந்தாவின் புருஷன் இன்னாசி அந்த வள்ளத்தில் இருந்த ஐந்தாவது ஆள். மைக்கில் அறிவிப்பு வந்தபோது அவள் அந்தக் கம்புக்கு நேர் கீழேதான் நின்றுகொண்டிருந்தாள். அண்ணாந்து பார்த்தாள், நீல எழுத்தும் ஒரு கார்டின் படமும் போட்ட சி.டி. வெயிலை அவள் கண்ணில் அடித்தது. மற்றவள் யாராக இருந்தாலும் பிடுங்கிக்கொண்டு ஓடியிருப்பாள். இவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவிழ்த்தாள், சேலைத் தலைப்பில் சுருட்டினாள், உப்புத் தாழியின் அடியில் புதைத்து மேலே உப்பைத் தள்ளி மூடினாள். பட்டப்பகலில், தன் புருஷன் கரைக்கு வரும் வழியைத் தானே மூடினாள்.

அவளைப் பழிக்கிறவர்கள் விஷயத்தை முழுக்கத் தெரிந்துகொண்டு பழிக்கவேண்டும். சோப்பு டப்பாவில் கிடந்த ஐந்து கார்டில் இன்னாசியின் கார்டு கிடையாது. அவன் கார்டு சட்டைப்பையில் இருந்தது தெரியாமல் சட்டையைக் கல்லில் அடித்துத் துவைத்தவள் ஜெசிந்தா. சில்லு விரிசல் விட்டு, ரீடர் அதை ஏற்கவில்லை. புதுக் கார்டு எப்போது வரும் என்பது மாதாவுக்கே வெளிச்சம். அப்போது மாமியார் செபத்தியம்மாள் வீட்டு மாதா படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கார்டை எடுத்து நீட்டினாள். அது மூத்தவன் தொபியாஸுடையது. தொபியாஸ் கடலுக்குப் போய்ப் பல வருஷம் ஆகிறது. வள்ளத்தின் பலகை வந்தது, ஆள் வரவில்லை, உடலும் வரவில்லை. பேரை எடுத்துவிடலாம் என்று கமிட்டி கேட்டபோதெல்லாம் செபத்தியம்மாள் விளக்குமாற்றைத் தூக்கினாள். நான் ‘போயிட்டு வா’ன்னு சொல்லி அனுப்புனவன், வரணும்லா, என்பாள். தினமும் அவனுக்கு ஒரு தட்டில் சோறு எடுத்து மூடிவைத்து, மறுநாள் அதைத் தண்ணீர் ஊற்றித் தானே தின்பாள். அண்ணன் தம்பி ஒரே அச்சு. ஆகவே அண்ணன் கார்டில் தம்பி கடலுக்குப் போனான். கிளாட்வின் பார்த்தும் பார்க்காதவன்போல இருந்தான். எங்கள் கரையில் பலபேர் அப்படி இரவல் கார்டில் போய் வந்துகொண்டிருந்தவர்கள்தான். சாயங்காலமானால் செபத்தியம்மாள் டோக்கன் ரூம் ஜன்னலில் வந்து காத்து நிற்பாள். ‘தொபியாஸ், கரை திரும்பினார்’ என்று மெஷின்காரி சொல்வதைக் கேட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு, புதுப்பெண்போல வீட்டுக்குப் போவாள்.

முன்பு கடல் யார் கார்டு என்று கேட்டதில்லை. இப்போது கேட்கிறது. கார்டு போடாமல் ஆளை விடமாட்டேன் என்கிற கடல், தொபியாஸ் கார்டைப் போட்டால் யாரை விடும்? ஜெசிந்தா இதை யாரிடமும் கேட்கவில்லை, கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களே என்று பயந்தாள். டிரைவர் கிடைக்காதவரை இன்னாசி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தான். பிள்ளையைத் தூக்கிக் காட்டினால் கையசைத்தான். சோறு போட்டுவிட்டால் தின்றான். இப்படியே இருந்துவிட்டுப் போகட்டும், எத்தனை பேர் புருஷன் அரபு நாட்டில் இருக்கிறான், அதைவிட இது கிட்டத்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிவிட்டு, கஸ்பாரின் பெண்டாட்டி முகத்தைப் பார்க்க முடியாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்புறம் காற்று மாறியது. கச்சான் விழுந்து கொண்டல் எழுந்தது. கடலிலிருந்து கரையைப் பார்த்து வீசுகிற காற்று அது. மிதக்கவிட்ட கேன் எல்லாம் நாலு முழம் போய்விட்டுத் திரும்பிக் காலடிக்கே வந்தது. பெண்கள் மறுபடி விட்டார்கள், மறுபடி வந்தது. இடுப்பளவு, கழுத்தளவு தண்ணீருக்குள் போய்த் தள்ளினார்கள், அலை அவர்களையும் கேனையும் சேர்த்துப் புரட்டிக் கரையில் போட்டது. நல்ல தண்ணீர் கண்ணெதிரே குவிந்து கிடக்க, அதோ அங்கே ஐந்து பேர் நாக்கு வறண்டு கிடந்தார்கள். கத்திக்கொண்டிருந்தவர்கள் பேசினார்கள், பேசிக்கொண்டிருந்தவர்கள் கையைக் காட்டினார்கள், பிறகு கையும் பாதிதான் எழுந்தது. சூசையின் மச்சான் மணலில் மண்டியிட்டு, “ஏசுல, ஒரு வார்த்த ஏசு, கேட்டுக்கிடுதேன்” என்று கதறினான். கிளாட்வின் மஞ்சள் முக்கோணத்துக்கு முன்னால் உட்கார்ந்து, படிக்கத் தெரியாத பிள்ளைபோல அழுதான்.

செபத்தியம்மாள் களத்துக்கு வந்தாள். மற்ற கம்புகளில் சி.டி. போனபிறகு பெண்கள் பனையோலைக் கீற்றும் பாலித்தீன் பையும் கட்டியிருந்தார்கள். கடைசிக் கம்பில் மட்டும் ஒன்றுமில்லை. காக்கைகள் வரிசையாக உட்கார்ந்து சாளைக் கருவாட்டைக் கொத்திக்கொண்டிருந்தன. ஜெசிந்தா பார்த்துக்கொண்டே நின்றாள், விரட்டவில்லை.

“இந்தக் கம்புல என்ன தொங்குச்சு ஏட்டி?”

ஜெசிந்தா உப்புத் தாழியை மறைத்தாற்போல நகர்ந்து நின்றாள்.

“அஞ்சு உசுரு தண்ணியில்லாமக் கெடக்கு. என்ன தொங்குச்சுன்னு கேக்கேன்.”

“எடுத்துத் தாரேன் மாமி. மொதல்ல நீங்க ஒண்ணு சொல்லுங்க. அத மெஷின்ல போட்டு, நம்ம வீட்டுக் கார்டையும் போட்டா, யாரு வருவா?”

“எம் மவன் வருவான்.”

“எந்த மவன் மாமி?”

செபத்தியம்மாள் அப்படியே உப்பும் செதிலும் கிடந்த தரையில் உட்கார்ந்துவிட்டாள். “தெரியல ஏட்டி. மாதா சத்தியமா எனக்குத் தெரியல” என்றாள்.

பொய் சொல்லியிருந்தால்கூட ஜெசிந்தாவுக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது. உன் புருஷன்தான் வருவான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அதே நேரம் கடற்கரையிலிருந்து கஸ்பாரின் பெண்டாட்டி ஓலமிடுவது கேட்டது: சூசை படுத்துவிட்டான், எழுப்பினால் எழவில்லை என்று வள்ளத்திலிருந்து சைகை காட்டுகிறார்கள். ஜெசிந்தா தாழிக்குள் தோள்வரை கையைவிட்டாள். சி.டி.யை எடுத்து, உப்பைச் சேலையில் துடைத்துக்கொண்டே டோக்கன் ரூமை நோக்கி ஓடினாள். எங்கே கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை, கேட்க அப்போது யாருக்கும் நேரமில்லை.

சி.டி. முழுக்கக் கீறல். பெட்டி அதைச் சுற்றி, முனகி, நிறுத்தி, மறுபடி சுற்றியது. திரையில் ஒரு பச்சைக் கோடு எறும்பாய் ஊர்ந்தது, நின்றது, ஊர்ந்தது. ஊரே அந்தக் கோட்டைப் பார்த்துச் செபமாலை சொன்னது. மஞ்சள் முக்கோணம் போயிற்று. ரீடரில் பச்சை விளக்கு எரிந்தது.

கிளாட்வின் முதலில் சூசையின் கார்டைச் சொருகினான். ‘சூசை, கரை திரும்பினார்’ என்றாள் மெஷின்காரி, ஒன்றுமே நடக்காததுபோல. அந்தக் கணமே வள்ளத்தில் கிடந்த சூசையை ஒரு அலை அள்ளி எடுத்துவந்து அவன் மச்சான் மடியில் போட்டது. தண்ணீரைக் குடித்ததும் அவன் முதலில் ஏசியதும் மச்சானைத்தான். அடுத்த கார்டு, அடுத்த ஆள். அதற்கடுத்து இன்னொருவன். கஸ்பார் நடந்தே வந்தான். மணலில் விழுந்து பெண்டாட்டியின் காலைக் கட்டிக்கொண்டான்.

சோப்பு டப்பாவில் ஒரு கார்டு மிச்சம் இருந்தது. கிளாட்வின் அதை எடுத்தான், படத்தைப் பார்த்தான், ஜெசிந்தாவைப் பார்த்தான். ஜெசிந்தா ரீடரின் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

“மைனி, கைய எடுங்க. இன்னாசி அண்ணன் ஒத்தையில நிக்காரு.”

“மாட்டேன்.”

கடலில் வள்ளம் தனியாக ஆடியது. இன்னாசி அதன் மூக்கில், அணியத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். டோக்கன் ரூம் வாசல் கடலைப் பார்த்தது என்பதால் அவனுக்கு எல்லாம் தெரிந்தது, புரியவும் செய்தது. வறண்ட தொண்டையிலிருந்து அவன் குரல் காற்றோடு வந்தது.

“ஏட்டி, அண்ணன் கார்டுதான… போடச் சொல்லு. அம்மா பாவம். யாரு வந்தாலும் புள்ளையப் பாத்துக்கிடுவான்.”

சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான். மீன் தலையை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்தவன், புதுச் சட்டையை விட்டுக்கொடுத்தவன். ஜெசிந்தா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். பிறகு ரீடரிலிருந்து கையை எடுத்தாள், கிளாட்வினிடமிருந்து கார்டைப் பிடுங்கினாள், அதைப் பின்னாலேயே வந்து நின்ற மாமியாரின் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

“நீங்களே போடுங்க மாமி. நான் போடவும் மாட்டேன், தடுக்கவும் மாட்டேன்.”

செபத்தியம்மாள் கார்டைச் சேலையில் துடைத்தாள், ஒருதரம் முத்தமிட்டாள், சொருகினாள். விரலை மட்டும் கார்டிலிருந்து எடுக்கவில்லை. பச்சை விளக்கு எரிந்தது. திரையில் தொபியாஸின் முகம் வந்தது.

‘தொபியாஸ்,’ என்றாள் மெஷின்காரி, என்றுவிட்டு நின்றாள். புதுப்பித்த பிறகு கம்ப்யூட்டர் கொஞ்சம் மெதுவாகிவிட்டிருந்தது.

அந்த இடைவெளியில் வள்ளத்திலிருந்தவன் குதித்து நடக்க ஆரம்பித்தான். கழுத்தளவு, மார்பளவு. இன்னாசி நேராக நடப்பவன். இவன் இடது தோளைச் சாய்த்து நடந்தான். இடுப்பளவு வந்ததும் முன்கையால் முகத்து உப்பை வழித்தான், உள்ளங்கையால் அல்ல. கரையிலிருந்த கிழவர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அந்த நடையை மறந்தவர்கள் யாரும் அங்கே இல்லை. ஜெசிந்தாவின் பிள்ளை அப்பா என்று கூப்பிட ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, தாயின் சேலைக்குள் புகுந்துகொண்டது. தொடையளவு. முழங்காலளவு. தொபியாஸ் கடலிலிருந்து வரும்போதெல்லாம் முழங்கால் தண்ணீரில் நின்று வீட்டைப் பார்த்து ஒரு சத்தம் கொடுப்பான். அதே இடத்தில் நின்றான். அதே சத்தத்தைக் கொடுத்தான்.

“எம்மா, சோறு எடுத்து வை!”

செபத்தியம்மாளின் உடம்பு முழுக்க அந்தக் குரலுக்காக ஆடியது. எத்தனை வருஷம், எத்தனை தட்டு. அவள் வாசல்வழியே மூத்தவனைப் பார்த்தாள், தலையிலிருந்து கால்வரை பார்த்தாள், பசியோடு பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்றவளைப் பார்த்தாள். ஜெசிந்தா அழவில்லை, கடலைப் பார்த்துக்கொண்டு, அங்கே நிற்பவனிடம் தன் ஆளைத் தேடிக்கொண்டிருந்தாள். சேலைக்குள்ளிருந்து பிள்ளையின் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன.

“எடுத்து வச்சு, எடுத்து வச்சு, ஆறிப் போச்சு மக்கா,” என்றாள் செபத்தியம்மாள். அவள் கத்தவில்லை. ஆனால் அது முழங்கால் தண்ணீர்வரை கேட்டிருக்கவேண்டும், ஏனென்றால் அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான்.

“தம்பியக் கரையில விட்டுட்டு நீ போ.”

போ என்றாள். போயிட்டு வா என்று சொல்லவில்லை. எங்கள் கரையில் ஒரு தாய் அப்படிச் சொன்னதை நாங்கள் கேட்டதில்லை, இனிக் கேட்கவும் வேண்டாம். சொல்லிவிட்டுக் கார்டை இழுத்தாள். ‘கரை’ என்று தொடங்கிய மெஷின்காரி வாயை மூடினாள். விளக்கு அணைந்தது. முழங்கால் தண்ணீரில் நின்றவனின் இடது தோள் மெல்ல நிமிர்ந்தது. அவன் தூக்கத்திலிருந்து எழுந்தவன்போலத் தன் கைகளைப் பார்த்து, உள்ளங்கையால் முகத்தைத் துடைத்தான். அடுத்த அடி வைக்க அவனால் முடியவில்லை, ஆனால் அந்தத் தூரத்துக்கு இனிக் கார்டு எதற்கு? ஜெசிந்தா அலைக்குள் ஓடினாள், விழுந்தாள், எழுந்து ஓடினாள், இன்னாசியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, ஏசிக்கொண்டே, மாட்டை இழுப்பதுபோலக் கரைக்கு இழுத்துப்போட்டாள்.

அன்று வீட்டில் மூடிவைத்திருந்த தட்டை எடுத்து இன்னாசியின் முன்னால் வைத்தாள் செபத்தியம்மாள். அவன் அண்ணனோடதாச்சே என்று தயங்கினான். தின்னு மக்கா என்றாள். அவன் தின்று முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள், பிறகு தட்டைக் கழுவி மற்றத் தட்டுகளோடு அடுக்கினாள், பிறகுதான் அழுதாள். ஊரே போய் உட்கார்ந்து அழுதது.

சில நாள் கழித்துக் கிளாட்வின் தயங்கித் தயங்கி வந்து, பாதியில் கார்டை உருவிவிட்டதால் கம்ப்யூட்டரில் தொபியாஸ் இன்னும் கடலில் இருப்பதாகவே காட்டுகிறது, பெரியம்மா சொன்னால் திருத்திவிடுகிறேன் என்றான். செபத்தியம்மாள் சாளையைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். கடைசிக் கம்பில் அந்த சி.டி. மறுபடி சுழன்றுகொண்டிருந்தது, காக்கை ஒன்றுமில்லை.

“திருத்தாத,” என்றாள். “அங்கதான இருக்கான்.”